கட்டைவிரலுக்கே போன இரண்டு வருடம்

ஸ்பெயினின் ஃபிளமென்கோ பாணியில் கிட்டார் பழகத் தொடங்கி நான்கு வருடம் ஆகிறது. அதற்கு முன்பே மேற்கத்திய கிளாசிக்கல் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்ததால், விரல்களை ஒவ்வொன்றாக விசிறிக் கம்பிகளை அடிக்கும் ரஸ்கெயாதோ மட்டும் பிடிபட்டால் போதும் என்று நம்பினேன். ஆனால் பாதிக் காலத்தைக் கட்டைவிரலே எடுத்துக்கொண்டது.

கிளாசிக்கலில் என் கட்டைவிரல் கம்பியை மீட்டிவிட்டுக் காற்றில் விலகிவிடும். இங்கே அடித்த கம்பியைத் தாண்டி அடுத்த கம்பியின் மேல் போய் உட்கார வேண்டும். விரல் நுனியை மடக்கி அடித்தால் ஒலி சப்பென்று இருக்கும். மணிக்கட்டிலிருந்து கையின் கனம் இறங்க வேண்டும். ஸ்பெயினின் மொரோன் ஊர்க் கிட்டார் கலைஞர் தியேகோ தெல் காஸ்தோரின் பழைய பதிவுகளைக் கேளுங்கள். ஒவ்வொரு சுரமும் ஊன்றி நிற்கும்.

இதோடு கோல்பே, அதாவது கிட்டாரின் முன்பலகையை விரலால் தட்டுவது, சேர்ந்தபோதுதான் திண்டாடினேன். கட்டைவிரல் இறங்கும் அதே கணத்தில் மோதிர விரல் பலகையைத் தட்ட வேண்டும். எனக்குத் தட்டு இம்மியளவு பிந்தியது. பதிவுசெய்து கேட்டால் ‘டங்-டப்’ என்று இரண்டாகக் கேட்டது. வேகம் கூடினால் சேர்ந்துவிடும் என்று ஆறு மாதம் விரட்டினேன். மணிக்கட்டு வலிதான் மிச்சம்.

பிறகு இடது கையைக் கம்பிகள் மேல் லேசாக வைத்து ஒலியை அடக்கிவிட்டு, தாளம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50 தட்டில் ஓடவிட்டேன். இரண்டு சத்தமும் ஒன்றாக விழும்வரை அது மட்டும்தான். அதன்பின் சொலேயா என்ற ஃபிளமென்கோ வடிவத்தின் பன்னிரண்டு எண்ணிக்கையில், அழுத்தம் விழும் 3, 6, 8, 10, 12-இல் மட்டும் தட்டினேன். காலும் எண்ணிக்கையோடு சேர்ந்ததும் கை தானாக இளகியது. இதை முதல் மாதமே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்றும் ஏங்குகிறேன்.

கட்டைவிரலாலேயே கீழும் மேலும் அடிக்கும் அல்சாபூவாவில், அது மேலே ஏறும்போது நகத்தின் முதுகுதான் கம்பிகளை உரசும். நகம் நீண்டிருந்தால் மாட்டிக்கொள்ளும். நான் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விடுவதில்லை. ஆள்காட்டி விரலைப் பலகையில் ஊன்றிக்கொண்டால் கை அலையாது.

தட்டிப் பழகுபவர்கள் பலகையைத் தட்டலிலிருந்து காக்கும் கோல்பெயதோர் தகடு ஒட்டிய கிட்டாரையே எடுங்கள். நான் அவசரப்பட்டுப் பழைய கிளாசிக்கல் கிட்டாரிலேயே தட்டினேன். முதல் கம்பிக்குக் கீழே வார்னிஷ் பெயர்ந்து மரம் தெரிகிறது. பார்க்கும்போதெல்லாம் மனது வலிக்கிறது.

ஒரே கம்பியை விரல்கள் மாறி மாறி வேகமாக மீட்டும் ட்ரெமலோ இன்னும் வசப்படவில்லை. கட்டைவிரலுக்குப் பின் ஆள்காட்டி, மோதிர, நடு, மறுபடி ஆள்காட்டி என்று ஐந்து அடிகள். அந்தக் கடைசி ஆள்காட்டியடிதான் மற்றவற்றைவிட உரத்து விழுகிறது. இப்போது தினமும் காலையில் இருபது நிமிடம் அதற்கு.