டியூபில் பிள்ளைகளை இழுப்பது: உப்புவெளியில் சில வருட அனுபவம்

இரண்டு பேர் படுத்துப் போகும் காற்றடைத்த டியூப் ஒன்றை எங்கள் பைபர் படகுக்குப் பின்னால் கட்டிச் சில வருடங்களாகப் பாவிக்கிறோம். மே முதல் செப்டெம்பர் வரை, திருகோணமலை உப்புவெளிக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும் காலைகளில் மட்டும். டியூப் நல்ல சாமான். தையல் எங்கும் விடவில்லை, மேலுறையின் சிவப்புத்தான் வெளிறிவிட்டது. நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவிட்டால் போதும். வெயிலில் நன்றாக விறைத்திருக்கும் டியூப், தண்ணீரில் இறங்கியதும் குளிர்ந்து தளரும். அதனால் கடலில் வைத்து ஒருமுறை அமத்திப் பார்த்து, பிறகும் கொஞ்சம் காற்று ஏற்றுவோம்.

பிள்ளைகளை ஏற்றும்போது நான் அதிகம் பயப்படுவது வளைவுக்குத்தான். நேரே போகும்போது டியூப் படகின் வேகத்தில் வரும். படகு சடாரென்று திரும்பினால், கயிற்று நுனியில் இருக்கும் டியூப் வெளிவட்டத்தில் வீசப்பட்டுப் படகைவிட வேகமாக ஓடும். ஓட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. என் மச்சான் வேகத்தைக் குறைத்துவிட்டுத்தான் திருப்புவார், அதுவும் பெரிய வட்டமாக. சின்னவர்களுக்கு மணிக்கு 15 கிலோமீட்டர் தாராளம்.

அவர் முன்னால் பார்க்க, நான் பின்னால் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டு இருப்பேன். கையில் போன் கிடையாது. பிள்ளைகளின் பெருவிரல் மேலே என்றால் வேகம், கீழே என்றால் மெதுவாக. விழுந்தவர் தலையில் கை வைத்தால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். ஒருநாள் தம்பியின் மகன் விழுந்தான், கை மேலே வரவில்லை. “மச்சான், திருப்பு!” என்று கத்தினேன். கிட்டப் போனால், தண்ணீர் குடித்து இருமிக்கொண்டிருந்தான், கண்ணெல்லாம் சிவந்து. உயிர்காப்பு ஜாக்கெட் முகத்தை மேலே வைத்திருந்தது. பிள்ளைக்குக் கிட்டப் போனதும் எஞ்சினை நியூட்ரலில் விடக்கூடாது, முழுதாக நிறுத்த வேண்டும். எஞ்சினின் காற்றாடி (புரொப்பெல்லர்) பிள்ளையின் காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஜாக்கெட் நுரை வைத்ததாக, பிள்ளையின் அளவுக்கே இருக்க வேண்டும். தோள்பட்டையில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், நாடிக்கு மேலே ஏறினால் அது பெரிசு.

கயிறு 50 முதல் 60 அடி. இரண்டு பேர் டியூபுக்கு 2,375 இறாத்தல் தாங்கும் என்று எழுதிய மிதக்கும் கயிறு வாங்கினோம். நைலோன் இழுபட்டுச் சுண்டி அடிக்கும், வேண்டாம். படகின் பின்பக்க இரண்டு மூலைக் கொழுக்கிகளிலும் கட்டி, நடுவில் சேர்த்தால் படகு ஒரு பக்கம் இழுபடாது. கயிறு விறைக்கும்வரை மெல்லப் போக வேண்டும், அதுவரை பிள்ளைகளின் கை கால் கயிற்றுக்குள் இருக்கக்கூடாது.

கரைவலை வளைத்திருக்கும் பக்கம் நாங்கள் போவதே இல்லை. புறாமலைத் தீவுப் பக்கமும் அப்படித்தான், அங்கே முருகைக்கல் பார்க்க ஆட்கள் நீந்துவார்கள். கச்சான் காற்று எழும்பினால் உடனே கரைக்கு வந்துவிடுவோம். கரையோரம் தண்ணீர் அமைதியாகத்தான் தெரியும், ஆனால் காற்று கடலுக்கு அடிப்பதால் விழுந்த பிள்ளையும் டியூபும் வெளியே இழுபடும்.

வாடகைப் படகுகள் சிலவற்றில் ஓட்டி மட்டும்தான் இருப்பார். அப்படியென்றால் உங்களில் ஒரு பெரியவர் பின்பக்கம் பார்த்தபடி ஏறுங்கள், பெரிய வட்டமாகத் திருப்பச் சொல்லுங்கள். பிள்ளை அளவுக்கு ஜாக்கெட் இல்லை என்றால் அன்றைக்கு ஏற்றாதீர்கள், அழுதாலும் பரவாயில்லை.