குட்டிக்கு நகம் வெட்டப் பழக்குவது: கடையா, திண்ணையா?

எங்கள் வீட்டு முதல் நாய் ஒரு லாப்ரடார். ஆறாவது மாதத்தில்தான் அதை முதன்முதலாகத் தஞ்சாவூரில் ஒரு க்ரூமிங் கடைக்குக் கூட்டிப்போனோம். குளிப்பாட்டி, சீவி, பவுடர் மணக்கக் கொடுத்தார்கள். நகம் மட்டும் வெட்டியிருக்கவில்லை. "காலைத் தொடவே விடமாட்டேங்குதுண்ணே, வாயைக் கட்டித்தான் வெட்டணும்" என்றார் கடைப்பையன். அது இருந்தவரைக்கும் வாயைக் கட்டித்தான் வெட்டினோம். பிடிக்க இரண்டு பேர் வேறு.

இப்போது இருப்பது ஸ்பிட்ஸ் குட்டி. ஊரில் பாமரேனியன் என்பார்கள். 8 வாரத்தில் வந்தது, 5 மாதம் ஆகிறது, இன்னும் கடை வாசலை மிதிக்கவில்லை. இரண்டு வழியையும் பார்த்துவிட்டதால் சொல்கிறேன், நான் வீட்டுக் கட்சி.

கடையின் சௌகரியம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். உயர மேசை, ட்ரையர், கைப்பழக்கமுள்ள ஆள். வீடு நனையாது. வீட்டுக் குளியலுக்கு வெதுவெதுப்பான தண்ணீரும் நாய் ஷாம்புவும் போதும். நம் ஷாம்பு வேண்டாம், நாய்த்தோல் வேறு வகை. காசும் எங்கள் ஊர் பாபநாசத்திலிருந்து போய்வரும் அலைச்சலும் அவரவர் பாடு.

என் முடிவை மாற்றியது வயசுக் கணக்கு. குட்டி புதிய ஆள், சத்தம், தொடுதல் எதையும் பெரிதாகப் பயப்படாமல் ஏற்றுக்கொள்ளும் காலம் சுமார் 3 வாரத்தில் தொடங்கி 12, 14 வாரத்தோடு சுருங்கிவிடுகிறது. தடுப்பூசியோ 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில் 16 வாரம் வரை இழுக்கும். எல்லா ஊசியும் முடியட்டும் என்று இருந்தால் பழக்கும் வயது போய்விடும். முடியுமுன் பத்து நாய் வந்துபோகும் தரையில் இறக்கிவிட்டால் பார்வோ பயம், குட்டிகளைக் கொல்லும் வயிற்றுப்போக்கு நோய் அது. அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும்.

இந்த இக்கட்டில் எங்களுக்குக் கைகொடுத்தது திண்ணை. சாயங்காலம் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். கால் தெருமண்ணில் படாது, கண்ணும் காதும் தெருவில் இருக்கும். பால்காரர் வண்டி, குடை, ஹெல்மெட், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், ஆட்டுமந்தை, அறுப்பு மிஷின் எல்லாம் அதற்கு இப்படித்தான் பழக்கம். சுவாமி புறப்பாட்டில் தவில் சத்தம் கேட்டபோது மட்டும் நடுங்கியது. உடனே ரேழிக்குள் தூக்கிப் போய்விட்டேன். கொஞ்சம் தள்ளியிருந்து கேட்டதும் அடங்கிவிட்டது. பழகட்டும் என்று அங்கேயே பிடித்து வைத்திருந்தால் பயம்தான் பழகியிருக்கும்.

காலும் அந்த மடியில்தான் பழகியது. முதல் நாலு நாள் நகவெட்டியை எடுக்கவே இல்லை. பாதத்தை ஒரு நொடி பிடிப்பேன், விடுவேன், உப்பில்லாமல் வேகவைத்த கோழியில் ஒரு துணுக்கு கொடுப்பேன். அப்புறம் ஒவ்வொரு விரலாக லேசாக அழுத்துவது. அடுத்து நகவெட்டியைக் காட்டி, அதன் பக்கத்திலேயே ஒரு ஈர்க்குச்சியை 'டக்' என்று நறுக்குவது. அந்தச் சத்தம் கேட்டாலே கோழி வரும் என்று இரண்டு நாளில் புரிந்துகொண்டது. பிறகுதான் ஒரே ஒரு நகம், அதிலும் நுனி மட்டும். வெள்ளை நகத்தில் உள்ளே ஓடும் ரத்தக்குழாய் ரோஸாகத் தெரியும். இதற்கோ எல்லாம் கருப்பு நகம், அதனால் சீவல் சீவலாக எடுக்கிறேன். ஒரு தடவை ரத்தம் வந்துவிட்டது. பக்கத்தில் வைத்திருந்த சோளமாவை அழுத்திப் பிடித்ததும் நின்றது. மறுநாள் மறுபடியும் பாதத்தைப் பிடிப்பதிலிருந்து ஆரம்பம்.

இதற்கா இவ்வளவு என்று கேட்கலாம். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் கொல்லை காய்வதே இல்லை. விரலிடுக்கில் சேறும் ஈரமும் தங்கினால் புண், காதுக்குள் ஈரம் நின்றால் சீழ், மற்ற மாதங்களில் உண்ணி. தினமும் விரலை விரித்துத் துடைக்கவும் காதைத் திருப்பிப் பார்க்கவும் நாய் விட வேண்டும். மாசம் ஒரு தடவை போகும் கடை இதைச் செய்யாது. வயல் எலி நடமாட்டம் உள்ள வீடுகள் எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்து ஊசி உண்டா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையே தேவையில்லை என்று சொல்லவரவில்லை. ஷிட்சூ, பூடில் மாதிரி முடி வளர்ந்துகொண்டே இருக்கும் குட்டிக்குக் கத்தரி பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். நான் அதெல்லாம் வளர்த்ததில்லை. அப்போதும் கால், காது, வாய் தொடும் பழக்கம் வீட்டில் முடிந்திருந்தால் கடைக்காரருக்கும் நிம்மதி. ஸ்பிட்ஸை அனுப்பினால் வெயிலுக்காக மொட்டையடிக்க மட்டும் சம்மதிக்காதீர்கள். மேல்முடி, அடிமுடி என்று இருக்கும் அந்த இரட்டை முடிதான் அதற்கு வெயில் மறைப்பு.

என் பயிற்சியும் முழுசு இல்லை. முன்னங்கால் சரி. பின்னங்காலில் சில நகத்துக்குமேல் காலை இழுத்துக்கொள்கிறது. விட்டுவிடுகிறேன், மீதியை மறுநாள் சாயங்காலம் பார்த்துக்கொள்கிறோம்.