அம்பாசிடர் வயரிங்: முதலில் எர்த்தைப் பாருங்கள்

என்னிடம் இருப்பது 1983 மாடல் அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில், மாந்தோப்பை ஒட்டிய தகரக் கொட்டகையில் நிற்கிறது. 1489 சிசி இஞ்சின் என்னைப் பெரிதாகச் சோதித்ததில்லை. ஆயிலும் தண்ணீரும் பார்த்துக்கொண்டால் அது பாட்டுக்கு ஓடும். சோதித்ததெல்லாம் வயரிங்தான். பல வருடங்களாக இதோடு மல்லுக்கட்டியதில் எது நிலைத்தது, எது வீண் என்று எழுதுகிறேன். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

நம் பக்கத்துக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. லைட் மங்கலா? பல்பை மாற்று. மறுபடி மங்கலா? பேட்டரியை மாற்று. அதுக்கும் சரியாகவில்லையா, பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோவைக் கழற்று. மீட்டரைக் கையில் எடுப்பவர் குறைவு. என் அனுபவத்தில் இந்த வண்டியில் பாகம் செத்துப்போய் வந்த கோளாறு கொஞ்சம். எர்த்தும் (கரண்ட் பாடி வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் பாதை) ஜாயின்ட்டும் கெட்டு வந்ததுதான் அதிகம்.

எர்த்துக்கு நல்ல உதாரணம் ஒன்று. காலையில் செல்ஃப் அடித்தால் இழுத்து இழுத்துச் சுற்றும். பேட்டரியை அளந்தால் 12.6 வோல்ட், அதாவது முழு சார்ஜ். செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் காயில் கட்ட வேண்டும் என்றார் ஒருவர். காவேரிப்பட்டணத்தில் ஒரு வயதான எலக்ட்ரீஷியன், செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு சோக் கேபிளில் (டேஷ்போர்டிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் இரும்புக் கம்பி) விரல் வைத்தார். "தம்பி, இதைத் தொட்டுப் பாருங்க" என்றார். சூடு! இஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் பாடிக்கும் நடுவே பின்னல் எர்த் பட்டை ஒன்று இருக்கும். அது அரித்துப் போயிருந்தது. செல்ஃப் மோட்டார் இழுக்கும் அத்தனை கரண்டும் திரும்பிப் போக வேறு வழியில்லாமல் சோக் கேபிள் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. புதுப் பட்டை போட்டு, பெயின்ட்டைச் சுரண்டி, நட்டு முறுக்கி, மேலே வாசலின் தடவினோம். இன்றுவரை அந்தப் பேச்சே இல்லை.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். மல்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸில், மறுமுனை இஞ்சின் பிளாக்கில். யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. கரண்ட் ஓடும்போது அளக்க வேண்டும், அதுதான் முக்கியம். சும்மா நிற்கும்போது அளந்தால் நூலிழையில் தொங்கும் வயரும் 12 வோல்ட் காட்டும்.

டெயில் லைட்டிலும் இதே கதைதான். பிரேக்கை மிதித்தால் பார்க் லைட் மங்குகிறது, இண்டிகேட்டர் போட்டால் பக்கத்து பல்பும் சேர்ந்து துடிக்கிறது என்றால், பேய் இல்லை. விளக்குக் கூட்டின் எர்த் துரு பிடித்திருக்கிறது.

அடுத்தது ஹெட்லைட். ராத்திரியில் தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே இறங்கியவர்களுக்கு மங்கலான ஹெட்லைட் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. என் வண்டியில் பேட்டரி முனையில் 13.8 இருந்தபோது பல்பில் 11 வோல்ட்கூட வரவில்லை. வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும். 60 வாட் பல்பு இரண்டுக்கும் சேர்த்து 10 ஆம்பியர். அவ்வளவும் டேஷ்போர்டில் உள்ள பழைய சுவிட்ச் வழியாகச் சுற்றி வருகிறது. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே (சின்னக் கரண்டில் இயங்கி பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) போட்டு, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 2.5 சதுர மி.மீ. வயர் நேராக இழுத்தேன். செலவுக்கு இதைவிடப் பலன் தந்த வேலை இந்த வண்டியில் இல்லை. ரிலே நன்றாக நிலைத்தது. மலிவு சாக்கெட்தான் சூட்டில் பழுப்பாகி இளகியது. சாக்கெட்டில் கஞ்சம் பார்க்காதீர்கள். நடுவில் எல்.இ.டி. பல்பும் போட்டுப் பார்த்தேன். எதிரே வருபவர் கண் கூசியது, எனக்கு ரோடு தெளிவாகத் தெரியவில்லை. அந்த ரிஃப்ளெக்டர் இழை பல்புக்காகச் செய்தது. கழற்றிவிட்டேன்.

டைனமோவை எடுத்து, அதே வேலையைச் செய்யும் புது வகையான ஆல்டர்னேட்டர் போட்டதில் எனக்கு வருத்தமில்லை. அசல் பாகமே வேண்டும் என்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். பழைய டைனமோ இருபது ஆம்பியர் சுமாருக்குத்தான் தரும், ஐடிலிங்கில் கிட்டத்தட்ட ஒன்றுமே தராது. கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையில் மழையில் லைட்டும் வைப்பரும் போட்டு நின்றால் பேட்டரியைத் தின்றுகொண்டிருப்போம். மாற்றும்போது சார்ஜிங் வயரையும் தடிமனாக மாற்ற வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்திய பழைய கட்டவுட் பெட்டி மட்டும் அழகுக்காக அதே இடத்தில் இருக்கிறது.

ஃபியூஸ் பற்றிச் சுருக்கமாக: பழைய கண்ணாடி ஃபியூஸில் 35 என்று எழுதியிருந்தால் அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். இன்றைய தட்டையான பிளேடு ஃபியூஸில் எழுதியிருப்பது உருகும் அளவு அல்ல, அதனால் 35 ஆம்பியர் பிளேடு ஃபியூஸை அதற்குப் பதிலாகச் செருகாதீர்கள். செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்குகிறதா? மைனஸ் வயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை ஆம்பியரில் வைத்து ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்குங்கள். கடிகாரமோ பாட்டு செட்டோ இல்லாத பழைய வண்டியில் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். என் வண்டியில் முன்னால் வைத்திருந்தவர் பேட்டரியிலிருந்து நேராக இழுத்த கேசட் பிளேயர்தான் திருடன். ஃபியூஸே இல்லாததால் எதைப் பிடுங்கியும் அது சிக்கவில்லை, வயரைப் பிடித்துக்கொண்டே போய்த்தான் கண்டுபிடித்தேன். எலித் தொல்லையும் இருப்பதால் இப்போது பேட்டரியில் கட்-ஆஃப் சுவிட்ச் வைத்திருக்கிறேன். எலி கடித்தாலும் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் பயம் இல்லை.

முழு வயரிங் செட் மாற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: இன்சுலேஷன் மடக்கினால் உடைகிறது என்றால் மாற்றுங்கள், இல்லையென்றால் வேண்டாம். பெங்களூரு ஜே.சி. ரோட்டில் ரெடிமேடாகக் கிடைக்கிறது. நிறம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, ஒரு நுனியைச் சீவி உள்ளே செம்பு எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். வயர் நிறம் பழுப்பு என்றால் நேரடி பேட்டரி, வெள்ளை சாவி போட்டபின், பச்சை ஃபியூஸுக்கு அப்புறம், கறுப்பு எர்த். லூகாஸ் என்ற பிரிட்டிஷ் கார் எலக்ட்ரிகல் கம்பெனியின் பழைய முறை இதுதான். வாங்கும் செட் இதைப் பின்பற்றவில்லை என்றால் விலை குறைவு என்றாலும் விட்டுவிடுங்கள்; நாளைக்கு ராயக்கோட்டை ரோட்டில் இருட்டில் நின்று டார்ச் அடித்து வயர் தேடப்போவது நீங்கள்தான்.