பலூனா, காயிலா? பழைய எஸ்யூவியில் ஏர் சஸ்பென்ஷன் போனால்

மச்சான் வாங்கிய பத்து வருடப் பழைய ஐரோப்பிய எஸ்யூவி, வீட்டுக்கு வந்த முதல் வாரமே ஒருநாள் காலையில் முட்டி போட்டு நின்றது. முன்பக்க இடது மூலை மட்டும் இறங்கியிருந்தது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையவில்லை. ஸ்டார்ட் செய்ததும் காற்றடிக்கும் கம்ப்ரஸர் முனகியது, வண்டி மெல்ல எழுந்தது. "சோம்பல் முறிக்குது மாப்ளே" என்று சிரித்தான். மூன்றாவது வாரம் அது எழவே இல்லை. ஒர்க் ஷாப்பில் கம்ப்ரஸர் போச்சு என்று சொல்லிப் புதிதாகப் போட்டார்கள். நாலே மாதத்தில் அதுவும் போச்சு.

காயில் ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் இந்த வண்டிகளில் காற்று அடைத்த ரப்பர் பலூன் இருக்கிறது. ரப்பர் மடியும் இடத்தில் வருடக்கணக்கில் வெடிப்பு விழும். கசிகிற காற்றை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும். சூடேறி, பிஸ்டன் ரிங் தேய்ந்து, காற்றை உலர்த்தும் டிரையர் ஈரம் குடித்துக் கெட்டுப்போகும். அதாவது கம்ப்ரஸர் செத்துக் கிடந்தால், கொன்றது பெரும்பாலும் வேறு ஆள். அந்த ஆளைப் பிடிக்காமல் எந்தப் பாகம் வாங்கினாலும் வீண்.

பிடிப்பதற்குத் தையல்காரர் டேப் போதும். சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை ராத்திரி அளந்து எழுதுங்கள், காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் மறுபடி அளங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கினால் அந்தப் பலூன், அல்லது அதற்குப் போகும் குழாய். முன்பக்கம் இரண்டும் சேர்ந்து இறங்கினால் முதலில், பலூன்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வ் பிளாக்கைச் சந்தேகப்படலாம். இறங்கவே இல்லை, ஆனால் ஓடும்போது கோணலாக நிற்கிறது என்றால் அது கசிவு இல்லை, பெரும்பாலும் வண்டியின் உயரத்தை அளக்கும் சென்ஸார். லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3 போன்ற வண்டிகளில் ஒரு குசும்பு உண்டு: நிறுத்திய பிறகும் கம்ப்யூட்டர் இடையிடையே விழித்து, இறங்கிய மூலைக்குச் சமமாக மற்ற மூன்றையும் இறக்கிவிடும். காலையில் பார்த்தால் நாலும் ஒன்றாகத் தாழ்ந்திருக்கும், குற்றவாளி தெரியாது. சஸ்பென்ஷன் ஃபியூஸைக் கழற்றிவிட்டு அளந்தால்தான் உண்மை வரும். அப்புறம் சோப்புத் தண்ணீர் அடித்தால், பஞ்சர் கடையில் பார்ப்பது போலவே குமிழி வரும். ஆனால் காற்றை நம்பி அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு போடாமல் கையைக்கூட நீட்ட வேண்டாம்.

சரி, பலூன்தான் என்று தெரிந்துவிட்டது. கம்பெனி ஒரிஜினலா, வெளிமார்க்கெட் பலூனா, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு காயிலா?

ஒரிஜினலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நன்றாக இருக்கும், விலை கேட்டால் நமக்குத்தான் காற்று போகும்.

வெளிமார்க்கெட்டில் ஆர்னாட், பில்ஸ்டீன் போன்ற பெயர் தெரிந்த பிராண்டுகளும் உண்டு, பெயரே இல்லாத சரக்கும் உண்டு. இரண்டாவது வகையில் ரப்பரை இறுக்கும் வளையத்தில்தான் பிரச்சினை வரும். ஆறு மாதத்தில் மறுபடி சோப்புத் தண்ணீர். எதை வாங்கினாலும் இடது, வலது ஜோடியாக மாற்றுங்கள், இரண்டுக்கும் ஒரே வயது. மாட்டியதும் காற்று ஏற்றாமல் வண்டியைத் தரையில் இறக்கினால் புது ரப்பர் மடிப்பில் நசுங்கிக் கிழியும். அவசரக்கார மெக்கானிக் செய்கிற தப்பு இது. கம்ப்ரஸரும் மாற்றினால் அதை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்சான ரிலேயையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய ரிலே ஒட்டிக்கொண்டால் புதுக் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடியே சாகும்.

காயில் கிட் போட்டால் கசிவு என்ற பேச்சே இல்லை. காலையில் வண்டி நின்ற உயரத்திலேயே நிற்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். ஆனால் டிஸ்கவரி 3-இல் ஏறி இறங்க வசதியாகச் சுமார் 50 மி.மீ. தாழ்வதும், கரடுமுரடான பாதைக்கு அதே அளவுக்கு மேல் உயர்வதும் போய்விடும். ஏழு பேரும் மூட்டை முடிச்சும் ஏறினால் பின்பக்கம் உட்காரும், ராத்திரி ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். பலூனோடு சேர்த்து குலுக்கலை அடக்கும் மின்னணு டேம்பரையும் கழற்றும் கிட் என்றால் சவாரியே மாறும். டாஷ்போர்டு எச்சரிக்கையை அணைக்கத் தனி மாட்யூல் வேண்டும். விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பதும் காயில் போட்டதைப் பற்றித்தான்.

ஊருக்குள் ஒன்றிரண்டு பேராக ஓட்டி, இன்னும் சில வருடம் இழுத்தால் போதும் என்பவருக்குக் காயில் சரி. எனக்கு அது அரை மனசுதான். மிதக்கிற சவாரிக்காக வாங்கிய வண்டியில் அதையே கழற்றிவிட்டு ஓட்டுவானேன்? குடும்பத்தோடு நெடுந்தூரம் போகிறவர்கள் நல்ல பிராண்டில் ஜோடிப் பலூன் போடுவதே மேல். மச்சான் முதலில் காயிலுக்குத்தான் விலை கேட்டான். ஊட்டி போக ஏழு பேரை ஏற்றும் கணக்கு வந்ததும் மனசு மாறி, பலூன் போட்டான்.

இனிமேல்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால், சொல்லாமல் காலையிலேயே போய்ப் பாருங்கள். பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன்பே யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்து எழுப்பி நிற்க வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.