பட்டாளத்துக்குப் பிறகு: செக்யூரிட்டி, டிஎஸ்சி, வங்கி, கம்பெனி, சொந்தத் தொழில் – எது யாருக்கு?

18, 19 வயதில் பட்டாளத்தில் சேர்ந்தவர் 38, 40 வயதில் பென்ஷனோடு வீட்டுக்கு வருகிறார். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 60,000 பேர் முப்படைகளிலிருந்தும் இப்படி வெளியே வருகிறார்கள். கூடப் படித்தவர்கள் அப்போதுதான் வேலையில் ஒரு நிலைக்கு வந்திருப்பார்கள். இவருக்கோ பிள்ளைகள் பள்ளியில், வீட்டுக் கடன் பாதியில். பென்ஷன் அரிசி பருப்புக்குக் காணும், கல்லூரிக் கட்டணத்துக்குக் காணாது. ஆக, இரண்டாவது வேலை தேடியே ஆக வேண்டும்.

எந்த வேலை என்று கேட்டால் எல்லோரும் முதலில் பார்ப்பது மாதச் சம்பளத்தைத்தான். நான் வேறு மூன்றைப் பார்க்கச் சொல்வேன். 60 வயதில் அந்த வேலை கையில் எதை விட்டுவிட்டுப் போகும்? குடும்பத்தோடு இருக்க முடியுமா? முன்னாள் படைவீரர் என்கிற சலுகையை அது தின்றுவிடுமா? மூன்றாவது கேள்விதான் பலருக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது சிப்பாய் முதல் சுபேதார் வரை பென்ஷனோடு வருபவர்களுக்கான அலசல். அதிகாரிகளின் வாய்ப்புகள் வேறு. அக்னிவீரர்கள் 4 ஆண்டில் பென்ஷன் இல்லாமல் வருபவர்கள், அவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

செக்யூரிட்டி: சுலபமாகத் திறக்கும் கதவு

டிஸ்சார்ஜ் புக்கைக் காட்டினால் அடுத்த வாரமே வேலை. தனியார் பாதுகாப்பு முகமைகளை ஒழுங்குபடுத்தும் 2005ஆம் ஆண்டுச் சட்டமே, காவலர்களை எடுக்கும்போது முன்னாள் படைவீரர்களுக்கு முன்னுரிமை தரலாம் என்கிறது. அப்படியும் இதில் மூன்று ரகம் உண்டு, மூன்றும் ஒன்றல்ல.

முதல் ரகம் சாதாரண தனியார் ஏஜென்சி. பன்னிரண்டு மணி நேர டூட்டி, ரிலீவர் வராவிட்டால் அப்படியே அடுத்த ஷிஃப்டும் உங்கள் தலையில். யூனிஃபார்முக்குப் பிடித்தம், பிஎஃப் பிடிக்கிறார்களா கட்டுகிறார்களா என்பதில் சந்தேகம். இரண்டாவது, பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்ககமான டிஜிஆரில் பதிவு பெற்ற ஏஜென்சி. பொதுத்துறை நிறுவனங்களுக்குக் காவலர்களை அனுப்புவது பெரும்பாலும் இவைதான். மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதிய விகிதம், பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் கணக்கில் வரும். மூன்றாவது, தமிழ்நாடு அரசு 1986இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ. தமிழ்நாட்டுக்குள்ளேயே வேலை என்பது இதன் பெரிய கவர்ச்சி.

கேட்டில் நின்று வண்டி நம்பர் எழுதும் வேலை மூன்றிலும் ஒன்றுதான், மாதக் கடைசியில் வரும் சம்பளச் சீட்டில்தான் வித்தியாசம் தெரியும். ஆகவே சேரும் முன் அங்கே ஏற்கெனவே நிற்பவரிடம் அவருடைய சீட்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். சீட்டே கிடையாது என்றால், அதுவே பதில்.

இதை ஓர் இடைக்கால வேலையாகத்தான் நான் பார்க்கிறேன். "வீட்டில் சும்மா உட்கார்ந்தால் நன்றாக இருக்காது" என்று சேர்ந்தவர்கள், பன்னிரண்டு மணி நேர டூட்டியில் படிக்கவும் முடியாமல், வேறு வேலை தேடவும் நேரமில்லாமல், அங்கேயே 55 வயதைத் தொட்டுவிடுகிறார்கள். நல்லது ஒன்று உண்டு: தனியாரிலோ ஒப்பந்த முறையிலோ வேலை பார்ப்பதால் அரசு வேலைக்கான முன்னாள் படைவீரர் தகுதி போய்விடாது.

டிஎஸ்சி: மறுபடியும் அதே சீருடை

1947இல் தொடங்கப்பட்ட டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோர், வெடிமருந்துக் கிடங்கு, விமானப் படைத் தளம், கடற்படைத் தளம், பாதுகாப்புத் தொழிற்சாலை போன்றவற்றைக் காக்கும் படை. படையின் ஆவணங்கள் எல்லாம் கேரளத்தின் கண்ணூரில். முன்னாள் படைவீரர்களைத்தான் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். பழகிய வாழ்க்கை: ரோல் கால், கேன்டீன், மெஸ், லீவ் சர்டிபிகேட். பரீட்சை எழுதத் தயக்கமாக இருப்பவருக்கு இது நிம்மதியான இடம்.

இதன் பெரிய பலன், 15 ஆண்டு முடித்தால் கிடைக்கும் இரண்டாவது பென்ஷன். ஆனால் அந்த 15இல்தான் சிக்கலும் இருக்கிறது. சில மாதங்கள் குறைந்ததால் பென்ஷன் மறுக்கப்பட்டு, ராணுவத் தீர்ப்பாயத்தின் படியேறியவர்கள் பலர். சேரும் நாளிலேயே உங்கள் வயதை வைத்துக் கணக்குப் போடுங்கள், 15 முழுதாக வருமா என்று. வெளியே வந்து வருடங்களை ஓட்டிவிட்டால் சேரவும் முடியாது, இடைவெளிக்கு வரம்பு உண்டு.

இரண்டு விஷயங்கள் உறுத்தும். ஹவில்தாராக இறங்கியவரும் அங்கே சிப்பாயாகத்தான் தொடங்க வேண்டும். அப்புறம், போஸ்டிங் மறுபடி ஜோத்பூரோ ஜபல்பூரோ. இருபது வருடம் ஆண்டு விடுமுறையில் மட்டும் அப்பாவைப் பார்த்த பிள்ளைகள் இன்னும் பதினைந்து வருடம் அப்படியே பார்க்க வேண்டும் என்றால், அது வீட்டில் கலந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு.

வங்கியும் அரசு வேலையும்: கஷ்டப்பட்டால் பெரிய பலன்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் தகுதி இருந்தும் அதிகம் பேர் விண்ணப்பிக்காமலே விடுவது இதைத்தான்.

மத்திய அரசின் குரூப் சி பணிகளில் முன்னாள் படைவீரர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடு. பொதுத்துறை நிறுவனங்களிலும் பொதுத்துறை வங்கிகளிலும் குரூப் சி பணிகளில் 14.5 சதவீதம், கடைநிலைப் பணிகளில் 24.5 சதவீதம். இதில் 4.5 சதவீதம் ஊனமுற்ற படைவீரர்களுக்கும் போரில் உயிர்நீத்தவர்களின் குடும்பத்தாருக்கும். ஒதுக்கீடு முழுதாக நிரம்புவதே அபூர்வம். அதாவது, இடம் காலியாக இருக்கிறது, ஆள்தான் இல்லை.

"எனக்கு வயசாச்சே" என்பது முதல் தயக்கம். கணக்கைப் பாருங்கள். வங்கி கிளார்க் வேலைக்கு வயது வரம்பு 28. உங்கள் வயது 41, சேவை 20 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். 41இலிருந்து 20ஐக் கழித்தால் 21. அதற்கும் மேலே 3 ஆண்டு சலுகை இருக்கிறது. நீங்கள் தாராளமாக உள்ளே வருகிறீர்கள். உச்ச வரம்பு 50 வயது.

"டிகிரி இல்லையே" என்பது இரண்டாவது. பத்தாம் வகுப்பு முடித்து, ராணுவத்தின் சிறப்புக் கல்விச் சான்றிதழோ கடற்படை, விமானப் படையின் அதற்கு இணையான சான்றிதழோ வைத்திருந்து, 15 ஆண்டுக்குக் குறையாமல் சேவை செய்தவரைக் கிளார்க் பணிக்குப் பட்டதாரிக்கு இணையாக ஏற்கிறார்கள். இது யூனிட்டிலேயே பலருக்குத் தெரிவதில்லை.

மூன்றாவது தயக்கம்தான் நிஜமானது: பரீட்சை. பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐபிபிஎஸ் அமைப்பின் கிளார்க் முதல்நிலைத் தேர்வு 100 கேள்வி, ஒரு மணி நேரம். ஆங்கிலம், கணக்கு, ரீசனிங். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். ஆங்கிலப் பகுதி தவிர மற்றவற்றைத் தமிழிலேயே எழுதலாம். இருபது வருடமாகச் சதவீதக் கணக்கே போடாதவருக்கு ஆரம்பத்தில் கை ஓடாது. ஆனால் நீங்கள் போட்டி போடுவது 23 வயது கோச்சிங் சென்டர் பையனோடு அல்ல, உங்களைப் போன்ற முன்னாள் படைவீரர்களோடு. கட்-ஆஃப் தனி.

பலன்? 60 வயது வரை நிரந்தர வேலை. அதிகாரி அல்லாதவர்களுக்கு மத்திய அரசு மறுவேலையில் சம்பளம் நிர்ணயிக்கும்போது ராணுவ பென்ஷனைக் கணக்கிலேயே எடுப்பதில்லை, பென்ஷன் தனி, சம்பளம் தனி. புது வங்கி வேலைக்குப் பழைய பாணி பென்ஷன் கிடையாது, என்பிஎஸ் என்கிற தேசிய ஓய்வூதியத் திட்டம்தான். 20 ஆண்டு கட்டினால் அதுவும் சும்மா இல்லை. வங்கி கிளார்க்கு என்றால் விண்ணப்பித்த மாநிலத்துக்குள்ளேயே போஸ்டிங். ரயில்வே, மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையமான எஸ்எஸ்சி என்று போனால் அந்த உத்தரவாதம் குறைவு.

இப்போது தொடக்கத்தில் சொன்ன அந்த மூன்றாவது கேள்வி, சலுகையை வேலை தின்றுவிடுமா என்பது. இந்தச் சலுகை அடிப்படையில் ஒரே முறைதான். ஒதுக்கீட்டில் ஏதாவது ஒரு அரசு வேலையில் சேர்ந்துவிட்டால், அடுத்த அரசு வேலையின் ஒதுக்கீட்டுக்கு நீங்கள் முன்னாள் படைவீரராகக் கருதப்பட மாட்டீர்கள். முதலில் கிடைத்தது என்று கடைநிலைப் பணியில் உட்கார்ந்துவிட்டு, அப்புறம் கிளார்க் தேர்வு எழுதலாம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. 2014இல் மத்திய பணியாளர் துறை இதில் ஒரு வழி விட்டது: முதல் வேலையில் சேரும் முன்பே வேறு பணிகளுக்கும் விண்ணப்பித்திருந்தால், அந்த விவரத்தைச் சேரும்போதே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் அந்த விண்ணப்பங்களுக்கு மட்டும் சலுகை தொடரும்.

கம்பெனி வேலை: டிரேடு உள்ளவர்களுக்கு

காலாட்படை ஜவானையும் ராணுவத்தின் பழுதுபார்ப்புப் பிரிவான இஎம்இயின் மெக்கானிக்கையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. டேங்க் எஞ்சினைப் பிரித்துப் போட்டவர், ஜெனரேட்டர் பராமரித்தவர், சிக்னல்ஸில் கேபிள் இழுத்தவர், ராணுவ மருத்துவமனையில் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்தவர், இவர்களெல்லாம் கேட்டில் நிற்பது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். இவர்களுக்குக் கம்பெனி சம்பளம் செக்யூரிட்டியைவிட நிச்சயம் மேல், வங்கிக்கும் சில சமயம் மேல். நிரந்தரம்தான் கிடையாது.

தடை எங்கே என்றால், பயோடேட்டாவில். ஒரு ஹவில்தார் "சிக்யூஎம்எச், ஆல்ஃபா கம்பெனி, 3 வருடம்" என்று எழுதிக் கொடுக்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் எச்ஆர் பெண்ணுக்கு அது ஏதோ வேற்று கிரகத்துச் சொல். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "நூறு பேருக்கு மேற்பட்ட படைப்பிரிவின் உடை, உபகரணம், ரேஷன் இருப்புக் கணக்கைப் பராமரித்தேன். வரவு, விநியோகம், தணிக்கை எல்லாம் என் கையெழுத்தில்." கிடங்கு மேலாளர் வேலைக்கு ஆள் தேடுபவர் உடனே நிமிர்ந்து உட்காருவார். பதவிப் பெயரைத் தூக்கிவிட்டு, செய்த வேலையை எழுத வேண்டும். டிரைவர்கள் ராணுவ லைசென்ஸை நம்பிக்கொண்டிருக்காமல் சிவில் கனரக லைசென்ஸாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு தொல்லை, சம்பளம் பேசும்போது வரும். "உங்களுக்குத்தான் பென்ஷன் வருதில்ல சார், இது போதாதா?" என்பார்கள். பென்ஷன் ஏற்கெனவே உழைத்ததற்கு, நீங்கள் கொடுக்கப்போவது இனிமேல் உழைக்கப்போவதற்கு என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். சொல்லாதவருக்குக் குறைத்துத்தான் கொடுப்பார்கள்.

ஓய்வுக்கு முன் டிஜிஆர் நடத்தும் மறுவாழ்வுப் பயிற்சிகளுக்கு ஜேசிஓக்கள் (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரிகள்), ஜவான்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. பலர் பாடத்தைப் பார்க்காமல் வீட்டுக்குப் பக்கத்தில் எந்த ஊரில் நடக்கிறது என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். மனசு புரிகிறது, ஆனால் வாய்ப்பு வீண்.

சொந்தத் தொழில்

ராணுவ பென்ஷனில் 50 சதவீதம் வரை கம்யூட் செய்து, அதாவது மாதாமாதம் வருவதைக் குறைத்துக்கொண்டு, முன்கூட்டியே மொத்தமாக வாங்கலாம். கிராஜுவிட்டியும் சேர்ந்து பெரிய தொகை ஒரே நாளில் அக்கவுன்ட்டில் ஏறும். அந்த வாரமே மச்சான் ஒரு யோசனையோடு வருவார், ஃபைனான்ஸ் என்றோ பிளாட் என்றோ. தமிழ்நாடு அரசின் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் 1 கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம் கிடைக்கிறது. நல்ல திட்டம். ஆனால் மானியம் முதலுக்குத்தான், வாடிக்கையாளரை அது கூட்டி வராது. தெரிந்த தொழில் என்றால் இறங்குங்கள்: மெக்கானிக் ஒர்க்‌ஷாப் போடலாம், விவசாயக் குடும்பத்துக்காரர் மாட்டுப் பண்ணை வைக்கலாம். தெரியாத தொழிலில், கம்யூட் செய்த பணத்தைப் போடாதீர்கள். குறைந்த பென்ஷன் பழையபடி ஆக 15 ஆண்டாகும்.

அப்படியானால்?

42 வயதுக்குள், பத்தாம் வகுப்பில் ஓரளவு மார்க் வாங்கியவர் என்றால், ஓர் ஆண்டு வங்கித் தேர்வுக்குக் கொடுங்கள், தயங்காதீர்கள். குடும்பச் செலவு நெருக்கினால் டெக்ஸ்கோ வழியாக ஒரு வேலை பார்த்துக்கொண்டே படியுங்கள். டெக்னிக்கல் டிரேடு இருந்தால் கம்பெனியில் சேர்ந்துகொண்டே தேர்வும் எழுதலாம், சலுகை அப்படியே இருக்கும். பரீட்சையே வேண்டாம், உடம்பு நன்றாக இருக்கிறது, வீட்டிலும் சம்மதம் என்றால் டிஎஸ்சி, தாமதிக்காமல். தனியார் ஏஜென்சி கேட் கடைசியில்.

இதையெல்லாம் வெளியே வந்த பிறகு யோசிப்பது தாமதம். சேவை முடிய ஓர் ஆண்டுக்குள் இருப்பவர் யூனிட்டில் அனுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு முன்னாள் படைவீரர் இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். வந்ததும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பெயரைப் பதிந்து அடையாள அட்டை வாங்குங்கள். எந்தெந்தத் தேர்வுக்கு, எந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். முதல் அரசு வேலையில் சேரும் நாளில் அந்தப் பட்டியலை எழுத்தில் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.