சிஎம்ஆர்டி படிவம்: பச்சை வந்தால் போதுமா?

சர்க்யூட் போர்டு, கனெக்டர், கேபிள் என எதைச் செய்து வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தாலும், "சிஎம்ஆர்டி அனுப்புங்கள்" என்று மெயில் வரும். வெள்ளீயம், டாண்டலம், டங்ஸ்டன், தங்கம் ஆகிய நான்கும் எந்த உருக்காலையில் உருகி வந்தவை என்று சொல்லும் எக்செல் படிவம் இது (கான்ஃபிளிக்ட் மினரல்ஸ் ரிப்போர்ட்டிங் டெம்ப்ளேட்). காங்கோ ஜனநாயகக் குடியரசிலும் அதை ஒட்டிய ஒன்பது நாடுகளிலும் கனிமம் விற்ற பணம் ஆயுதக் குழுக்களுக்குப் போகக் கூடாது என்று அமெரிக்கா 2010-இல் கொண்டுவந்த டாட்-ஃபிராங்க் சட்டம், பிரிவு 1502, இதற்கு அடிப்படை. இதை வெளியிடும் ரெஸ்பான்சிபிள் மினரல்ஸ் இனிஷியேட்டிவ் அமைப்பின் தளத்தில் இலவசம். படிவம் தமிழிலும் இல்லை, இந்தியிலும் இல்லை.

உருக்காலையைப் பிடித்தது நல்ல யோசனை. சுரங்கங்கள் எண்ணற்றவை, உதிரிபாகம் செய்பவர்களும் அப்படியே. நடுவில் இருக்கும் உருக்காலைகள் சில நூறுதான்.

நிரப்பும்போது முதல் இரண்டு கேள்விகளிலேயே பலர் சறுக்குகிறார்கள். உலோகத்தைப் பொருளிலோ தயாரிப்பு முறையிலோ வேண்டுமென்றே சேர்த்தீர்களா, பயன்படுத்தினீர்களா என்பது முதல் கேள்வி. அது பொருளில் தங்குகிறதா என்பது இரண்டாவது. ஈயமில்லா சோல்டரான எஸ்ஏசி305-இல் 96.5 சதவீதம் வெள்ளீயம். ஆக, சோல்டர் வைத்த எந்த போர்டுக்கும் "இல்லை" என்று எழுத முடியாது. பிளாஸ்டிக் தயாரிப்பில் வினையூக்கியாக மட்டும் வெள்ளீயம் பயன்பட்டு, பொருளில் தங்காவிட்டால் முதலாவதற்கு "ஆம்", இரண்டாவதற்கு "இல்லை".

உருக்காலைப் பட்டியலில் சிஐடி எண்ணை, அதாவது உருக்காலையின் அடையாள எண்ணை, போட்டால் பெயரும் நாடும் தானே வந்துவிடும். சப்ளையர் தந்த பெயரை அப்படியே ஒட்டினால் உருக்காலைக்குப் பதில் வியாபாரியின் பெயர் நுழைந்துவிடும். படிவத்துக்குள் இருக்கும் தேடல் பட்டியலில் பெயர் இருப்பதாலேயே அந்த ஆலை, தாதுவைப் பொறுப்பாக வாங்குகிறதா என்று பார்க்கும் தணிக்கையில் தேறியது என்று ஆகாது. தேறியவற்றின் பட்டியல் தளத்தில் தனியாக இருக்கிறது, அவ்வப்போது மாறும். அனுப்பும் அன்று பார்த்துவிடுங்கள்.

பெரிய குறை, படிவத்தைச் சரிபார்க்கும் 'செக்கர்' பக்கம். கட்டம் நிரம்பினால் பச்சை காட்டும், நிரப்பியது உண்மையா என்று பார்க்காது. உருக்காலை காங்கோ பகுதியிலிருந்து தாது எடுக்கிறதா என்ற கேள்விக்கு, ஆர்டர் போய்விடுமோ என்று பயந்து "இல்லை" போடுபவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். காங்கோவிலிருந்து வாங்குவதைச் சட்டம் தடுக்கவில்லை. 2010 செப்டம்பரில் கிழக்குக் காங்கோவில் அரசு சில மாதம் சுரங்க வேலையை நிறுத்தியபோது அடிபட்டது கையால் தோண்டிப் பிழைத்தவர்களின் குடும்பங்கள்தான்.

இன்னொன்று, படிவம் உருக்காலையோடு நின்றுவிடுகிறது. கிழக்குக் காங்கோவின் ரூபாயா டாண்டலம் சுரங்கப் பகுதி 2024-இல் எம்23 என்ற கிளர்ச்சிக் குழுவின் கைக்குப் போனது. அங்கிருந்து ருவாண்டாவுக்குக் கடத்தல் நடப்பதாக ஐ.நா. நிபுணர் குழு எழுதியது. இப்படிக் கடத்திய தாது கலந்து வருவதைப் படிவம் காட்டாது. டாண்டலம் கெபாசிட்டர் வாங்குவோர், உருக்காலை எந்த நாட்டுத் தாதுவை எடுக்கிறது, மூட்டை முத்திரைகளை எப்படிச் சரிபார்க்கிறது என்று சப்ளையரிடம் எழுத்தில் கேட்டே ஆக வேண்டும்.

கோபால்ட், மைக்கா இதில் வராது. அவற்றுக்கு இஎம்ஆர்டி என்ற தனிப் படிவம். லித்தியம் பேட்டரி வைத்த பொருள் என்றால் இரண்டையும் அனுப்புங்கள்.