கிளப் யார் பெயரில், மைதானம் யார் பெயரில்? கொங்கு நாட்டுக்கு ஏற்ற கால்பந்து உடைமை எது

2019 மார்ச் 9 அன்று கோவை நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று சென்னை சிட்டி எஃப்.சி. தேசிய அளவிலான ஐ-லீக் கோப்பையைத் தூக்கியது. பெயரில் சென்னை இருந்தாலும் அந்த அணிக்குச் சொந்த மைதானமாக இருந்தது கோவைதான். அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் கிளப் 26 சதவீதப் பங்கை வாங்கியது. லீக்கில் ஆடத் தேவையான கிளப் உரிமத்துக்கான தகுதிகள் நிறைவேறாததால், 2021-22 சீசனில் அந்த அணி லீக்கிலேயே இல்லை. கோப்பை, வெளிநாட்டுப் பங்காளி, பெரிய ஸ்டேடியம் எல்லாம் கையில் இருந்தும் மூன்று வருஷத்தில் கோவைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

நாளைக்கே கோவையிலோ திருப்பூரிலோ சேலத்திலோ இன்னொரு அணியை உருவாக்க யாராவது முன்வந்தால், பயிற்சியாளர் யார் என்று பேசுவதற்கு முன் இரண்டு விஷயங்களை முடிவு செய்ய வேண்டும். கிளப்பின் ஓட்டுரிமை யாரிடம்? மைதானத்தின் பத்திரம் யாரிடம்? இவை இரண்டும் ஒரே கேள்வி என்று நினைப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

ஒரே முதலாளி

கொங்கு நாட்டில் பணம் விரைவாகத் திரளும் வழி இது. ஒரு ஸ்பின்னிங் மில்லோ, பவுண்டரியோ, பனியன் ஏற்றுமதி நிறுவனமோ ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியைப் பதிந்தால் கிளப் தயார். முடிவுகள் ஒரே மேசையில் எடுக்கப்படும், சம்பளம் தேதி தவறாது, வெளிநாட்டு வீரருக்கு விசா எடுக்கவும் ஆள் இருப்பார்கள்.

ஆபத்து எங்கே என்பதற்கு இந்தியாவிலேயே சாட்சி உண்டு. 1996-97இல் முதல் தேசிய கால்பந்து லீக்கை வென்றது பக்வாராவின் ஜே.சி.டி. மில் அணி. 2011இல் அதை நிறுவனமே மூடிவிட்டது. 2005-06 சாம்பியனான மகிந்திரா யுனைடெட் 2010இல் கலைக்கப்பட்டது. இரண்டுமே களத்தில் தோற்று அழிந்த அணிகள் இல்லை. கம்பெனியின் செலவுக் கணக்கில் ஒரு வரி அடிக்கப்பட்டது, அணி போய்விட்டது. மில் அணிகளையும் மில் மூடல்களையும் பார்த்த கோவைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இன்னொரு ஆபத்து கணக்குப் புத்தகத்துக்குள் இருக்கிறது. முதலாளி போடும் பணம் பங்கு மூலதனமாக வருகிறதா, டைரக்டர் கடனாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். கடனாக வந்தால் கிளப்பின் முதல் கடன்காரரே முதலாளிதான். அவர் விலகும்போது புதிதாக வருபவர் அணியை வாங்குவதற்கு முன் அந்தக் கடனைப் பேசித் தீர்க்க வேண்டும். பெரும்பாலும் அந்த இடத்திலேயே பேச்சு முறிந்துவிடும்.

ரசிகர்கள் உடைமை

ஜெர்மனியில் 50+1 விதி இருக்கிறது. கிளப்பின் கால்பந்துக் கம்பெனியில் பாதிக்கு மேல் ஓட்டு உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும், முதலீட்டாளர் எத்தனை பணம் போட்டாலும் சரி. லெவர்குசனுக்கும் வொல்ஃப்ஸ்பர்குக்கும் மட்டும் நீண்டகாலத் தொழிற்சாலை உறவை வைத்து விலக்கு கிடைத்தது. ஸ்பெயினில் ரியல் மாட்ரிட், பார்சிலோனா, அத்லெடிக் பில்பாவ், ஒசாசூனா ஆகிய நான்கும் உறுப்பினர் சங்கங்களாகவே தொடர்ந்தன. இங்கிலாந்தில் விம்பிள்டன் அணியை மில்டன் கீன்ஸுக்கு மாற்ற அனுமதி கிடைத்ததும், ரசிகர்கள் 2002இல் ஏ.எஃப்.சி. விம்பிள்டனைத் தொடங்கி, 2020இல் பழைய சொந்த மைதானமான பிளவ் லேன் பக்கமே புது மைதானத்துக்குத் திரும்பினார்கள்.

இதை அப்படியே கோவைக்குக் கொண்டுவர முடியுமா? ஒரு உத்தேசக் கணக்குப் போடுவோம். 25 வீரர்கள், தலைக்குச் சராசரி மாதம் ரூ.60,000, பத்து மாதம் என்றால் சம்பளம் மட்டும் ரூ.1.5 கோடி. சொந்த மண்ணில் 10 ஆட்டம், ஆட்டத்துக்கு 4,000 பேர், டிக்கெட் ரூ.100 என்றால் ரூ.40 லட்சம். 3,000 உறுப்பினர்கள் ஆளுக்கு வருடம் ரூ.1,000 கொடுத்தால் ரூ.30 லட்சம். இரண்டும் சேர்ந்து பாதிச் சம்பளத்துக்குக்கூடப் போதாது. பயணம், தங்குமிடம், பிசியோ, இளையோர் அணிகள் எல்லாம் இந்தக் கணக்குக்கு வெளியே. முழு ரசிகர் உடைமை மாவட்ட லீக் மட்டத்தில் நன்றாக ஓடும். தேசிய லீக் மட்டத்தில் வெளிப்பணம் இல்லாமல் இங்கே தாங்காது.

உறுப்பினர் ஓட்டு இருந்தால் கடன் ஏறாது என்பதும் நம்பிக்கைதான். 2021இல் பார்சிலோனாவின் கடன் 100 கோடி யூரோவைத் தாண்டியது, மெஸ்ஸியைக் கூட வைத்துக்கொள்ள முடியவில்லை. போர்ட்ஸ்மவுத் ரசிகர்கள் 2013இல் கிளப்பைக் காப்பாற்றி நன்றாகவே நடத்தினார்கள். ஆனால் பழைய ஃபிராட்டன் பார்க் மைதானத்தின் பழுதுச் செலவு அவர்கள் சக்தியை மீறியது. 2017இல் உறுப்பினர்களே ஓட்டுப் போட்டு அமெரிக்க முதலீட்டாளர் மைக்கேல் ஐஸ்னரிடம் விற்றார்கள்.

51 வேண்டாம், 26 போதும்

நம் சூழலுக்குப் பொருந்துவது இந்த நடுவழிதான். முதலீட்டாளர் பணம் போட்டு நடத்தட்டும், ஊர்க்காரர்கள் சில காரியங்களைத் தடுக்க மட்டும் உரிமை வைத்துக்கொள்ளட்டும்.

கம்பெனிச் சட்டம் 2013இன்படி விதித்தொகுப்பை (கம்பெனியின் உள்விதிகளை) மாற்ற, கம்பெனிப் பெயரை மாற்ற, பதிவு அலுவலகத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோகச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். விழுந்த ஓட்டில் முக்கால் பங்கு ஆதரவு இல்லாமல் அது நிறைவேறாது. 25 சதவீதத்துக்குமேல் ஓட்டு வைத்திருப்பவர் தலையசைக்காமல் இவை நடக்காது. லண்டனின் செல்சி கிளப்பில் இதுதான் நடந்தது. ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜ் மைதான நிலமும் கிளப் பெயருக்கான உரிமையும் சிறு பங்குதாரர்களான ரசிகர்களின் தனிக் கம்பெனியிடம் உள்ளன. 2011இல் அப்போதைய உரிமையாளர் அப்ரமோவிச் தரப்பு நிலத்தைத் திரும்ப வாங்கக் கேட்டபோது சுமார் 62 சதவீத ஓட்டுதான் கிடைத்தது. 75 தேவைப்பட்டதால் நிலம் ரசிகர்களிடமே நின்றது.

ஆனால் 26 சதவீதம் என்ற எண்ணை மட்டும் நம்பினால் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன.

முதல் ஓட்டை, உரிமைப் பங்கு வெளியீடு. இருக்கும் பங்குதாரர்களுக்கு அவரவர் விகிதத்தில் புதுப் பங்கு கொடுக்க டைரக்டர்கள் குழு முடிவே போதும். மூலதனம் ரூ.1 கோடி, ரசிகர் பங்கு ரூ.26 லட்சம் என்று வைப்போம். முதலீட்டாளர் அதை முகமதிப்பிலேயே ரூ.2 கோடியாக்கத் தீர்மானித்தால் ரசிகர்கள் குறுகிய கெடுவுக்குள் இன்னொரு ரூ.26 லட்சம் கட்ட வேண்டும். கட்ட முடியாமல், அந்தப் பங்கையும் முதலீட்டாளரே எடுத்துக்கொண்டால் 26 என்பது 13 ஆகிவிடும். தடுப்புரிமை அன்றைக்கே செத்தது.

இரண்டாவது, சொத்து விற்பனை. கம்பெனியின் முழுத் தொழிலையும் விற்பதற்குச் சிறப்புத் தீர்மானம் கேட்கும் 180ஆம் பிரிவிலிருந்து பிரைவேட் கம்பெனிகளுக்கு 2015இல் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். மைதானம் கம்பெனி பெயரில் இருந்தால் டைரக்டர்களே விற்றுவிடலாம்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. எந்த ஊரில் ஆடுவது என்பது கம்பெனிச் சட்டத்தில் இல்லவே இல்லை. பதிவு அலுவலகம் கோவை ராம்நகரில் இருந்தபடியே அணி வேறு மாநிலத்தில் ஆடலாம். 2019இல் டெல்லி டைனமோஸ் புவனேஸ்வருக்குப் போய் ஒடிசா எஃப்.சி. ஆனது. புனே சிட்டி போன இடத்தில் ஹைதராபாத் அணி வந்தது.

மூன்றையும் அடைக்க ஒரே வழி, ரசிகர் அமைப்புக்குத் தனி வகுப்புப் பங்கு கொடுப்பது. லாபத்தில் பங்கு வேண்டாம், மதிப்பு ஒரு ரூபாயாக இருந்தாலும் போதும். பெயர், சின்னம், நிறம், சொந்த மைதானம் இருக்கும் மாவட்டம், நிலம் அல்லது குத்தகை உரிமையைக் கைமாற்றுவது, ரசிகர் ஓட்டைக் குறைக்கும் பங்கு வெளியீடு ஆகியவற்றுக்கு அந்த வகுப்பின் எழுத்துச் சம்மதம் கட்டாயம் என்று விதித்தொகுப்பில் எழுத வேண்டும். ஒரு வகுப்பின் உரிமையை மாற்ற அதே வகுப்பில் முக்கால் பங்கு சம்மதம் தேவை என்று சட்டம் சொல்கிறது. இந்த விதிகளைப் பூட்டுவதற்கு ஏற்ற நாள் கம்பெனி பதியும் நாள். பிற்பாடு பிரைவேட் கம்பெனியில் பூட்ட வேண்டுமென்றால் எல்லாப் பங்குதாரர்களும் ஒப்ப வேண்டும். பணம் போட்டபிறகு யார் ஒப்புவார்கள்?

அந்த ஒரு பங்கை வைத்திருக்கும் அமைப்பு எது? பிரைவேட் கம்பெனியில் 200 பேருக்குமேல் உறுப்பினராக முடியாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்கீழ் ஏழு பேர் சேர்ந்து சங்கம் பதியலாம், செலவு குறைவு. ஆனால் நிர்வாகிகள் தேர்தல் தகராறில் சிக்கி, வருடாந்திரக் கணக்கும் தாக்கல் ஆகாமல் முடங்கும் சங்கங்கள் ஏராளம். ஆடிட்டர் செலவு கூடினாலும் லாப நோக்கமில்லாத 8ஆம் பிரிவுக் கம்பெனியை, உறுப்பினர்கள் பங்கு வாங்காமல் ஒரு தொகைக்கு உத்தரவாதம் மட்டும் தரும் வகையில், பப்ளிக் கம்பெனியாகப் பதிவதே மேல். உறுப்பினர் எண்ணிக்கைக்கு வரம்பில்லை, ஆளுக்கு ஒரு ஓட்டு என்று எழுதிக்கொள்ளலாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. தடுப்புரிமை சம்பளம் கொடுக்காது. பாசல் கிளப்பிடம் இருந்ததும் 26தான்.

மைதானம்: நாலு வழி

கிளப்புக்கே சொந்தம் என்றால் ஆட்ட நாள் வருமானம் முழுதும் கிளப்புக்கு. ஜூவென்டஸ் 2011இல் தன் மைதானத்தைக் கட்டியதற்குக் காரணம் அதுதான். ஆனால் கடன் முற்றினால் நிலம்தான் முதலில் ஏலத்துக்குப் போகும். இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. சத்தி ரோட்டிலோ அவிநாசி ரோட்டிலோ பத்து ஏக்கர் இருந்தால் அணியைவிட மனை மதிப்பே பெரிது. இங்கிலாந்தின் பிரைட்டனில், கிளப் கலைந்தால் நிலப்பணம் பங்குதாரருக்குப் போகாது என்ற விதியை நீக்கிவிட்டு, கோல்ட்ஸ்டோன் மைதானத்தையே விற்றார்கள். 1997இல் கடைசி ஆட்டம், பிறகு அங்கே கடை வளாகம் வந்தது. சொந்த வீடு கிடைக்க 2011 வரை ஆனது.

முதலாளியின் வேறொரு கம்பெனி பெயரில் மைதானம் என்பது நாலிலும் மோசமானது. இங்கிலாந்தின் டெர்பி கவுண்டி உரிமையாளர் கிளப்பின் மைதானமான பிரைட் பார்க்கைத் தன் இன்னொரு கம்பெனிக்கே சுமார் 8.1 கோடி பவுண்டுக்கு விற்றார், அந்த வருடக் கணக்கு லாபமாகத் தெரிந்தது. 2021இல் கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போனது. மொத்தம் 21 புள்ளிகள் வெட்டு, தரவிறக்கம். வாங்க வந்தவர்கள் அணிக்கு ஒருவரிடமும் மைதானத்துக்கு இன்னொருவரிடமும் பேச வேண்டியிருந்தது.

பொது மைதானத்தில் நாள் வாடகை: நம் மாவட்ட ஸ்டேடியங்கள் பெரும்பாலும் இப்படித்தான். பள்ளி விளையாட்டு விழாவும் போலீஸ் உடற்தகுதித் தேர்வும் அரசு விழாவும் வந்தால் ஆட்டத் தேதி நகர வேண்டும். கடை வாடகை மைதானக் கணக்குக்குப் போகும், கிளப்புக்கு டிக்கெட் மட்டும். ஓட்டப்பாதைச் சிக்கலும் உண்டு. 400 மீட்டர் நிலையான பாதையின் நேர்ப்பகுதி 84.39 மீட்டர், உள்அகலம் 73 மீட்டர். அதற்குள் 105க்கு 68 மீட்டர் ஆடுகளத்தைப் போட்டால் நாலு மூலையும் வளைவுக்குள் போய், பக்கவாட்டில் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் மிஞ்சும். கார்னர் அடிக்க ஓடிவருபவர் சிந்தெடிக் பாதையில் கால் வைத்தே ஆக வேண்டும், அங்கே செயற்கைப் புல் பாய் விரிக்காவிட்டால் பூட்ஸின் அடிக்குமிழ் (ஸ்டட்) வழுக்கும். எட்டு ஓடுபாதை இருந்தால் கோல் கோட்டிலிருந்து பாதையின் வெளி விளிம்பு 36 மீட்டர். கோலுக்குப் பின்னால் உட்காருபவருக்கு எதிர்முனையில் நடப்பது தெரியாது, அந்த டிக்கெட் விற்பதும் கடினம்.

பொது நிலம், நீண்ட குத்தகை: மான்செஸ்டர் சிட்டியின் மைதானம் நகராட்சியுடையது. 2002 காமன்வெல்த் போட்டி முடிந்ததும் ஓட்டப்பாதையைத் தோண்டி எடுத்து, தரையைத் தாழ்த்தி, கீழ்அடுக்கு இருக்கைகள் போட்டு 250 வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். குத்தகை இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இங்கிலாந்தின் கவன்ட்ரி கிளப் சாட்சி. வருடம் 10 லட்சம் பவுண்டுக்கு மேல் வாடகை, உணவுக்கடை, பார்க்கிங் வருமானத்தில் பங்கு இல்லை. வாடகை நின்றது, அணி 2013-14இல் நார்தாம்டனில் போய் ஆடியது, மைதானத்தை ஒரு ரக்பி கிளப் வாங்கிக்கொண்டது.

கொங்கு நாட்டுக்குச் சரியானது இந்த நாலாவது வழிதான், குத்தகைப் பத்திரம் சரியாக எழுதப்பட்டால். காலம் 30 வருடம், பதிவு செய்யப்பட்ட பத்திரம், நிரந்தர வாடகை குறைவாகவும் அதற்குமேல் டிக்கெட் வசூலில் ஒரு குறிப்பிட்ட பங்கு கூடுதலாகவும். கீழ் டிவிஷனுக்கு இறங்கினால் வாடகையும் இறங்க வேண்டும். ஆட்ட நாளுக்கு 48 மணி நேரம் முன்பிருந்து விளம்பரப் பலகை, உணவுக்கடை, பார்க்கிங் மூன்றும் கிளப் வசம். சீசன் அட்டவணை வெளியான 15 நாளுக்குள் தேதிகள் பூட்டப்பட வேண்டும்.

புல்லையும் தண்ணீரையும் தனியாக எழுத வேண்டும், சண்டை அங்கேதான் வரும். 7,140 சதுர மீட்டர் களத்துக்கு 5 மில்லிமீட்டர் நீர் விட 35,700 லிட்டர் வேண்டும். போர்வெல் வற்றிய சித்திரையில் 12,000 லிட்டர் லாரி மூன்று நடை, அதுவும் தினமும். யார் பணம் என்று எழுதாவிட்டால் மே மாதத்தில் களம் கட்டாந்தரை. இயற்கைப் புல்லுக்கு வாரம் ஆறு மணி நேர ஆட்டம்தான் தாங்கும், அதனால் பயிற்சிக்கு வேறு இடம் வேண்டும். மேடை போட்டு விழா நடத்தினால் மண் இறுகி வேருக்குக் காற்றுப் போகாது. குத்திக் காற்றேற்றி, மணல் தூவி, புல் திரும்பவும் படரச் சில வாரங்கள் ஆகும். அந்தச் செலவும் இடைவெளியும் விழா நடத்துபவர் பொறுப்பு என்று ஒரு பிரிவு இருக்கட்டும்.

கடைசிப் பிரிவு: குத்தகை உரிமையை அடமானம் வைக்கக் கூடாது. கிளப் உரிமம் இழந்தாலோ, மூன்று மாதச் சம்பளம் பாக்கி வைத்தாலோ, குத்தகை கடன்காரரிடம் போகாமல் ரசிகர் அமைப்பு ஆறு மாதத்துக்குள் சுட்டும் புது கிளப்புக்கு மாற வேண்டும். அந்த ஆறு மாதமும் இளையோர் அணிகளின் பயிற்சி நேரம் நிற்காது என்றும் அதிலேயே எழுத வேண்டும்.